மோரு கேட்ட அமெரிக்கப் பாட்டு

1-9-2025, திங்கட்கிழமை, காலை 6.40 மணி
ஒத்தக்கடை, மதுரை

பொருள்: மோர்ப் பாட்டு எந்த ஆல்பத்தில் உள்ளது என்பது குறித்து

அன்பு நண்பனுக்கு,

நாற்காலியில் கிடக்கும் என் வெள்ளைச் சட்டையிலிருந்து பெருங்காயமும் கொத்தமல்லியும் கலந்த மோர் வாசனை வருகிறது. நேற்று மாலை, ஆகஸ்டு 31, ஞாயிற்றுக்கிழமை, உன் பேத்தியின் திருமண வரவேற்பில் சிந்தியது. சட்டையைச் சலவைக்குப் போடுமுன் உனக்கு ஒன்றைத் தெரிவித்துவிட வேண்டும்.

பழங்காநத்தத்தில் நாம் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தபோது, அந்த அமெரிக்க ராக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களிலிருந்தும் ஹிட் பாடல்களைப் பொறுக்கி ஒரே கேசட்டில் பதிவு செய்து வாங்கி வந்தாய். பதிவு செய்தவர் பாட்டின் பெயரையும் எழுதவில்லை, வரிசையையும் பார்க்கவில்லை. ஒரு பாட்டின் பல்லவியில் பாடகர் தொண்டை கிழியக் கத்துவது உன் காதில் மட்டும் ‘மோரு தா, மோரு தா’ என்று விழுந்தது. அது ஆங்கிலம், மோருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன்.

“அமெரிக்காவுலயும் வெயில் அடிக்கும்ல மாப்ள,” என்றாய்.

அன்று முதல் நமக்கு அது மோர்ப் பாட்டு. அது மூன்றாம் ஆல்பத்தில் வந்தது என்பது என் கட்சி. அந்த முரட்டு கிட்டார் ஒலி மூன்றாவதில்தான் தொடங்கியது. மூன்றும் வெளிவந்த ஆண்டும் மாதமும் எனக்கு மனப்பாடம். நீ இரண்டாவது என்றாய், காரணம் சொல்லாமலே. “ஒனக்குத் தேதி தெரியும் மாப்ள. எனக்குப் பாட்டு தெரியும்.” கேசட்டின் நாடா சிக்கி அறுந்த பிறகும், நீ கொட்டாம்பட்டிக்குத் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்ட பிறகும், சந்திக்கும்போதெல்லாம் இந்த வழக்கு நடந்தது. சென்ற ஆண்டு நீ எங்களை விட்டுப் போனபோதும் நிலுவையில்தான் இருந்தது.

கடந்த வியாழனன்று உன் மகள் அழைத்தாள். மணமக்கள் மேடையேறும்போது, நீ வீட்டில் எப்போதும் பாடிக்கொண்டிருந்த ‘மோரு தா’ பாட்டு ஒலிக்க வேண்டுமாம். அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லையாம்.

“அப்பா இல்லாத கொறைய அந்தப் பாட்டாச்சும் தீக்கட்டும் மாமா. ஒங்களுக்குத்தான் தெரியும்.”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் ஆல்பம் முழுவதையும் கைபேசியில் ஓடவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வரிகளைப் படித்தபடியே கேட்டேன். இல்லை. முதலாவதிலும் இல்லை. இரண்டாவதை வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். மோருக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரு சொல்லும் அதில் இல்லை. வரவேற்புக்கு ஒரு நாள்தான் இருந்தது. உன் மகளிடம் என்ன சொல்வது என்று சோர்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஆங்கிலமே தெரியாதவனைப் போல இரண்டாம் ஆல்பத்தை மறுபடி கேட்டேன். நடுவில் ஒரு பாட்டில், நன்றாகத் தாகமெடுத்த குரலில், அந்த மனிதர் மோர் கேட்டார்.

நேற்று அது மண்டபத்தில் ஒலித்தது. உன் மகள்தான் தொடங்கினாள்; உன் கொட்டாம்பட்டிச் சொந்தங்கள் அத்தனை பேரும் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். பந்திக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த சமையல்காரர் பதறிவிட்டார். “ஏப்பா, அம்புட்டுப் பேரும் மோரு கேக்குறாக, எடுத்துட்டுப் போங்கப்பா,” என்று ஆட்களை விரட்டினார். பாட்டு முடிவதற்குள் தட்டுத் தட்டாகத் தம்ளர்கள் வந்துவிட்டன. மணமகன் மாலையோடு குடித்தான். ஒரு தம்ளர் என்மேல் கவிழ்ந்தது. உன் மகள் தன் முந்தானையால் முதலில் என் சட்டையையும், பிறகு தன் கண்களையும் துடைத்தாள்.

“அப்பா இருந்தா இன்னொரு தம்ளர் கேட்டிருப்பாரு மாமா.”

இப்போது அப்பாட்டின் உண்மையான வரி எனக்குத் தெரியும். இன்று காலை அதைப் பிழையின்றிப் பாடிப் பார்த்தேன். தாளத்தில் உட்காரவில்லை. உன்னுடையதே உட்காருகிறது; இனி அதையே பாடுவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கில் தோற்ற உன் நண்பன்

இணைப்பு:
1. வரவேற்பு அழைப்பிதழ்.
2. ஆளுக்கொரு மோர்த் தம்ளருடன் மணமக்கள், புகைப்படம்.
3. ‘இரண்டாம் ஆல்பமே’ என்னும் ஒப்புதல், தேதியுடனும் என் கையொப்பத்துடனும்.