டியர்மிட்டின் மீதிக் கதை

1936 நவம்பர் 2

மழை. நாட்டுக்கதை சேகரிக்க டப்ளின் அலுவலகம் கொடுத்த ஒலிப்பதிவுப் பெட்டியைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு டியர்மிட் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக்கண் ராஜாவின் மகன் கதையை எங்கள் ஐரிஷ் மொழியில் முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். போன வசந்தத்தில் பாதி சொன்னார். மீதியைக் கேட்டதற்கு, "வெயில் காலத்துல வீரக்கதையா? வீட்டுக்கு ஆகாது தம்பி. குளிர் வரட்டும்" என்றார். குளிர் வந்துவிட்டது. ஆனால் ஜூலையிலேயே பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. கணப்பருகே சும்மா உட்கார்ந்திருக்கிறார். நாசமாய்ப் போன சம்பிரதாயம்!

நவம்பர் 4

அவர் தங்கை கோப்னிட் தேநீர் ஊற்றினாள். "பாதிக் கதையை வச்சு என்ன பண்ணுவே?"

"அழுவேன்."

சிரித்தாள். கெட்டிலைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள் - ராஜகுமாரன் கப்பலைக் கடலில் தள்ளும் இடம், ஒரு சொல் பிசகாமல்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"உங்களுக்கு முழுசும் தெரியுமா?"

"நாப்பது வருஷமா இங்க உக்காந்து காலுறை பின்றேன். கைதானே பின்னுது, காது சும்மாத்தானே இருக்கு?"

சொல்லத்தான் மாட்டாளாம். "வீரக்கதை ஆம்பளைங்க சொல்றது. எங்கண்ணன் எதிர்ல நான் வாயத் திறந்தா அவனை உயிரோட புதைச்ச மாதிரி."

நவம்பர் 5

பெட்டியைத் திறக்கவே இல்லை. வேறென்ன எழுத?

நவம்பர் 8

உங்கள் தங்கை சொல்லலாமா என்று துணிந்து டியர்மிட்டிடமே கேட்டேன். முறைத்தார். தடியை ஊன்றி எழுந்தார். அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். தள்ளாடி எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, காலியான தன் நாற்காலியைத் தடியால் தங்கை பக்கம் நெட்டினார்.

கோப்னிட் உட்கார்ந்தாள். முதலில் குரல் நடுங்கியது. அப்புறம் - எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? எத்தனை பேரிடம் கதை கேட்டிருக்கிறேன்! இப்படி வாய் பிளந்து உட்கார்ந்ததில்லை. பெட்டியில் மெழுகு உருளை மாற்றக்கூட மறக்க இருந்தேன். போர்க்கள வர்ணனையில் ஓரிடம் தாண்டிவிட்டாள். தரையில் 'டக்' என்று தடி. திரும்பிப் போய்ச் சரியாகச் சொன்னாள். டியர்மிட்டின் கன்னம் நனைந்திருந்தது. எனக்கும்தான்.

நவம்பர் 13

கதை முழுவதும் எழுதி முடித்தாயிற்று. எழுதி முடித்ததும் மெழுகு உருளையைச் சீவி, அடுத்த பதிவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அலுவலக விதி. எல்லாவற்றையும் சீவிவிட்டேன், ஒன்றைத் தவிர. கதை காகிதத்தில் இருக்கிறது. அந்த 'டக்' அதில் இல்லையே.

வழியில் ஓர் உருளை உடைந்துவிட்டது என்று டப்ளினுக்கு எழுதிப் போட்டேன்.