‘ம்’ சொன்னதற்கு ஒரு பட்டம்

அத்தனை தூரம் போயும் என்னை அதட்டுவதை மட்டும் விடாத என் வீட்டுக்காரிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்று எனக்குத் தெரியும். நேற்று போனில் திட்டினாயே, உடம்பு சரியில்லாதவர்களுக்கு அவ்வளவு சத்தம் வராது. பெரியவள் ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறாள். சின்னவன் தினமும் குளிப்பதாகச் சொல்கிறான், நானும் நம்புவதாகச் சொல்கிறேன். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. பழகிவிட்டது, அது நின்றால்தான் இனி தூக்கம் வராது.

போனிலேயே சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுவாய், அது ஒரு காரணம். உன் குரலைக் கேட்டால் நினைத்தது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்று ஆகிவிடும், அது இன்னொன்று. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு எழுதுவதே பெரிய காரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர் படிப்புக்கு ஆன்லைன் காலேஜ் இரண்டு பார்த்திருக்கிறேன், விசாரித்துச் சொல்லுங்கள் என்றாய். ஒன்று ஒரு வருஷம், இன்னொன்று மூணு வருஷம். ஒரு வருஷத்துக் காலேஜில் சேர்ந்தால் அடுத்த வருஷமே அங்கே குழந்தைகள் காப்பகத்தில் பார்க்கிற ஆயா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, நம் தெருமுனை மழலையர் பள்ளியில் டீச்சராகிவிடலாம் என்று நீயே முடிவும் கட்டிவிட்டாய். பொய் சொல்வானேன், எனக்கும் அதுதான் காதில் தேனாக இருந்தது.

போன வாரம் ஒரு நாள் காலையில் பெரியவள் இரண்டு காலேஜுக்கும் என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பட்டறைக்குப் போய் டாக்டர் வீட்டு சோபாவுக்குத் துணி அடிக்க உட்கார்ந்தேன், உடனே போன். ஒரு கையில் துணி, மறு கையில் சுத்தியல், வாய் நிறைய ஆணி. நான் பேசாமல் இருக்கும் ஒரே நேரம் அதுதான் என்று நீ சொல்வாயே, அந்த நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு வருஷத்துக் காலேஜ்காரன். என்ன குரல் என்கிறாய்! மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி குழைகிறான்.

படிக்கப் போவது நான்தான் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். சார், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டீர்களா என்றான். ம் என்றேன். குழந்தைகள் என்றால் பிடிக்குமா என்றான். அதற்கும் ம். கம்ப்யூட்டர் தெரியுமா என்றபோது ஓர் ஆணி தொண்டைக்குள் நழுவப் பார்த்தது, ம்ம்ம் என்று இழுத்தேன். அருமை சார், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்றான். நான் ஆணியை எல்லாம் துப்பிவிட்டு, ஐயா சாமி, நான் ஐந்தாவதுதான் என்றேன். அவன் அசரவில்லை. அதனால் என்ன சார், உங்கள் அனுபவமே ஒரு பட்டம்தானே, ஆனால் இன்றைக்குள் சேர்ந்துவிடணும் என்றான். பக்கத்து மேஜைத் தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முழுக்க என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார்.

எனக்கும் சிரிப்புதான். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். ஆணி கடித்துக்கொண்டிருப்பவனுக்குத் தரும் அதே பட்டத்தைத்தானே உனக்கும் தருவான்?

மூணு வருஷத்துக் காலேஜிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன், வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு. ஓர் அம்மா எடுத்தார். கறார் என்றால் கறார், உனக்கு அக்கா முறை ஆகணும். படிக்கப் போவது நீங்களா உங்கள் மனைவியா, அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார், நான் தூதுவன் என்றேன். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார். பள்ளியை விட்டு எத்தனை வருஷம், வேலை போக எவ்வளவு நேரம் மிஞ்சும், சோர்ந்து போனால் தாங்கிப்பிடிக்க ஆள் உண்டா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். போனில் அது தெரிந்திருக்காது.

சேருவதற்கு முன்னால் அங்கே ஒரு பரீட்சை வைக்கிறார்களே, நீ பயப்படுகிறாயே, அதைப் பற்றியும் கேட்டேன். அது வெளியே தள்ள அல்லவாம், எங்கிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பார்க்கவாம். நாற்பதைத் தாண்டி வருகிறவர்கள் நிறையப் பேர் முதல் பருவத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் முதலிலேயே பார்க்கிறோம் என்றார். என் பேச்சையும் நம்பாதீர்கள், அரசாங்க அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், வேலைக்குச் சேரப்போகும் இடத்திலும் கேளுங்கள் என்று அவரே சொன்னார். தன்னை நம்பாதே என்று சொல்லும் ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பெரியவள் பார்த்துவிட்டாள். இவர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது, குழைந்தவனுக்கு இல்லை. நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனைப் பள்ளிக்குப் போனேன். பேரனைச் சேர்க்க வந்தேன் என்று தலைமை டீச்சர் நினைத்துவிட்டார், என் நரையைச் சொல்லணும். ஒரு வருஷத்துக் காலேஜ் சான்றிதழோடு இரண்டு பெண்கள் வந்தார்களாம், எடுக்க முடியாமல் அழ அழத் திருப்பி அனுப்பினாராம். மூணு வருஷத்துக் காலேஜில் படித்த டீச்சர் ஒருவர் அங்கேயே இருக்கிறார். பாதியில் இரண்டு தடவை விட்டுவிடலாம் என்று அழுதேன், இப்போது வகுப்பில் குழந்தைகள்தான் அழுகிறார்கள் என்றார்.

ஆகவே மகாராணி, மூணு வருஷத்துக் காலேஜ்தான். வகுப்பறைப் பயிற்சியை நீ இருக்கிற காப்பகத்திலேயே செய்யலாமாம், ஆனால் மூணு வருஷமும் நடுவில் இடம் மாறக்கூடாதாம். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத வேண்டாம். பதறாத காரியம் சிதறாது. வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, அந்த அம்மாவிடம் நீயே பேசு. பரீட்சைக்குப் பேர் கொடு. நம் இரண்டு பிள்ளைகளுக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நீ, நானா?

அப்பா சரியாகச் சாப்பிடாமல் இளைத்துவிட்டார் என்று பெரியவள் கோள் சொன்னால் நம்பாதே. பேன்ட்தான் பெரிசு.

உன் மனசு போல எல்லாம் நடக்கும், நன்றாக இரு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவைப் படிப்பைக் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிடாதே. புத்தகத்தை மூட்டை கட்டிக்கொண்டாவது வா. நீ பாட்டுக்குப் படித்துக்கொண்டிரு, நான் எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சோபாக்காரன்