ஆறு டெசிபெல் இழப்பு

அக். 9, வியாழன்

விடியும்போதே மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. அதனால் லயத்து வரிசைவீடுகள் முழுக்க ஆட்கள். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ, இந்தப் பக்கம் அம்மாவின் முனகல், நடுவில் நானும் லெப்டொப்பும். இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

அம்மாவுக்கு மாத்திரை 8 மணி, 2 மணி. வலது கை மாவுக்கட்டு நனையக் கூடாது. கூரை ஒழுகும் இடத்தில் வாளி.

நேற்று லெப்டொப்பில் கணக்கு ஓடவிட்டது: இழப்பு 6.1 டெசிபெல். அனுப்புகிற ஒளியில் கால்பங்குதான் படிகத்துக்குள் போகிறது, மீதி வாசலிலேயே திரும்பிவிடுகிறது. வெளியே சாதாரண அலைவழி, ஒளி வேகமாக வருகிறது. உள்ளே துளை துளையாகக் குடைந்த சிலிக்கன், அங்கே ஒளி மெதுவாக நடக்க வேண்டும். இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் இத்தனை கூத்தும்.

1 டெசிபெலுக்குக் கீழே வர வேண்டும். 17ஆம் திகதி கடைசி. வந்தால் என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடம் இந்த வடிவத்தை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார், நிஜச் சில்லாகத் திரும்பி வரும். வராவிட்டால் அடுத்த வருடம். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் என் பதிவே இருக்காது.

அக். 10, வெள்ளி

வெயில். பிறகு மழை.

வாசலில் பத்துத் துளைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விலக்கினால் ஒளிக்கு ஒரு இடைவழி கிடைக்கும், சட்டென்று வேகம் குறைக்க வேண்டியதில்லை. 4 நானோமீட்டர் விலக்கினேன். 6.1. ஆறு விலக்கினேன். 6.1. பத்து. 6.1. சனியன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அதே படத்ததான பார்த்துக்கிட்டு இருக்க, நேத்துலருந்து?"

ஆமாம் தாயே.

அக். 12, ஞாயிறு

செல்லையா கங்காணி வந்தார். அம்மா பால் வெட்டும் மலைக்கு அவர்தான் பொறுப்பு. பிளேன்டீ கொடுத்தேன். நான் எதிரே உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் மட்டும் பேசினார்.

"ஒங்க பேர இந்த மாசத்தோட வெட்டுறாங்க ராசம்மாக்கா. கையி இனிமே கத்தி புடிக்காதுன்னு டாக்டர் எழுதிட்டாரு. வேற ஆள் பேரு குடுங்க. இல்லாட்டி காம்பராவ கேப்பாங்க."

நாங்கள் இருக்கும் காம்பரா தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலையாட்கள் பதிவில், செக்ரோலில், இருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து தெரிந்த சட்டம்தான். என்னைத் தேடி வரும் என்று மட்டும் தெரியாது.

"இவ இருக்காளே," என்றாள் அம்மா.

இவ!

கங்காணி அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சும்மா பேருக்குப் பதிஞ்சிட்டு ஓட முடியாது, புள்ள. தெனமும் விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நிக்கணும்."

அவர் போனதும் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அம்மா திருப்பிக் கத்தவில்லை. "அப்ப எங்க போவோம், சொல்லு" என்று மட்டும் கேட்டாள்.

இன்று ஓடவிட்டவை: 12, 14, 16. எல்லாம் 6.1.

அக். 14, செவ்வாய்

காலையில் கோயில் பாறைக்கு ஏறினேன், சிக்னலுக்கு. காலில் இரண்டு அட்டை. கெம்பஸில் என்னோடு ஒரே மேசையில் இருக்கும் நிலூக்காவைக் கூப்பிட்டேன். எண்களைச் சொன்னேன்.

"பிஸ்ஸுத ஒயாட்ட?" என்றாள். பைத்தியமா உனக்கு என்கிறாள் சிங்களத்தில், பாசமாகத்தான். "எல்லாமே 6.1 எண்டு எப்பிடி வரும்? கடைசி இலக்கம் வரைக்கும் பாருங்கோ."

பார்த்தேன். கடைசி இலக்கம் வரை ஒன்றே.

லெப்டொப் தாங்காது என்று, வீட்டுக்கு வந்த அன்று கணக்கின் கட்டத்தை 40 நானோமீட்டராகப் பெரிதாக்கினேன். கெம்பஸில் 2தான். துளையின் மையத்தைப் பக்கத்துக் கட்டத்தில் உட்காரவைக்கும் வரியும் நானே எழுதியது. 16 விலக்கினாலும் அது பழைய கட்டத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆறு நாளாக ஒரே வடிவத்தைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒளிமேல் கோபப்பட்டேன், சிலிக்கன்மேல் கோபப்பட்டேன், செல்லையா கங்காணிமேல்கூட.

அழுகை வந்தது. சிரிப்பும்.

கோப்பை அனுப்பினேன். கெம்பஸ் கணினியில் நிலூக்கா ஓடவிடுவாள். பாதியில் சிக்னல் போய் மூன்று தடவை அனுப்பவேண்டி வந்தது.

அக். 15, புதன்

மழை விட்டு விட்டு. பாறையிலேயே குடையோடு உட்கார்ந்திருந்தேன்.

4: 3.9
8: 2.2
12: 1.1
14: 0.8!!
16: 1.3

0.8. ஐந்தில் நாலு பங்கு ஒளி உள்ளே போகிறது. நிலூக்கா போனிலேயே கூச்சல். இந்த இடைவழியை வைத்து வாழ்க்கைத் தத்துவம் பேசமாட்டேன், பேசுகிறவர்களையும் பிடிக்காது. ஆனால் சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம்.

இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப வேல முடிஞ்சிருச்சா?"

"இப்பத்தாம்மா ஆரம்பிக்குது."

இடது கையால் சோற்றைக் கிளறினாள். அப்புறம்: "வெள்ளிக்கிழம ஆபீசுக்கு வரச் சொன்னாங்க, கையெழுத்துப் போட. ஒன் ஐடி கார்ட கங்காணிக்கிட்ட குடுத்துட்டேன்."

என் பையிலிருந்து. கேட்காமல்.

அக். 16, வியாழன்

மேடம் பேசினார். வாழ்த்து. வடிவம் நாளை போகிறது. திங்கள் முதல் நான் முழு நேரமும் கெம்பஸில் இருக்க வேண்டும், சில்லை அளவிடும் மேசையைத் தயார் செய்ய. "இல்லாட்டி வேற ஆளிட்டக் கொடுக்க வேண்டி வரும் சுகந்தி. எனக்கும் வேற வழியில்ல."

கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கும் தம்பிக்கு எடுத்தேன். "அந்த அட்டக்காட்டுக்கு நான் வரமாட்டேன்க்கா." தீபாவளிக்குக்கூட வரமாட்டானாம்.

பக்கத்து டவுன் தெஹியோவிட்டயில் வாடகை அறை விசாரித்தேன். அம்மாவுக்கு அங்கே யார்? அவளால் தலைமுடி கூட முடிந்துகொள்ள முடியாது.

போக முடியாது. இருக்கவும் முடியாது.

மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அக். 17, வெள்ளி

கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு வேறு மாதிரி சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆபீஸ். கிளாக்கர் ஐயா படிவத்தை நீட்டினார். பேர், பிறந்த திகதி, லயம். அடுத்தது படிப்பு.

கங்காணி குனிந்து, "எட்டாம் வகுப்புன்னு போடு புள்ள. கூடப் போட்டா ரெண்டு மாசத்துல ஓடிருவான்னு தொர எடுக்கமாட்டாரு."

எட்டு என்று எழுதினேன். அடுத்த வரிக்கும் போய்விட்டேன். அதுதான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், மெதுவாக. விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இது பொய்யிங்க ஐயா," என்றாள்.

"விடுங்கக்கா," என்றார் கங்காணி.

"எட்டு இல்லைங்க. கெம்பஸ் முடிச்சிட்டு அதுக்கு மேலயும் படிக்கிறா. வெளிச்சத்தப் பத்திப் படிக்கிறா." குரல் உயர்ந்தது, சம்பளத்துக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "இத்தன வருசம் வெயில்லயும் மழையிலயும் நான் வெட்டுனது இவ எட்டுன்னு எழுதுறதுக்கா?"

கிளாக்கர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை மூடினார். "அப்ப எடுக்க மாட்டாங்க. வேற ஆள் இல்லாட்டி மாசக் கடைசியில காம்பராவ விடணும்."

"சரிங்க," என்றாள் அம்மா. என் ஐடி கார்டைக் கேட்டு வாங்கினாள்.

வழியில் அவள்மேல் கத்தினேன். நீதானே பேர் கொடுத்தாய், இப்போது எங்கே போவோம் என்று, அவள் கேட்ட அதே கேள்வியை.

"எனக்கும் தெரியலடி," என்றாள். "நீ மொதல்ல திங்கக்கெழம கெம்பஸுக்கு அவிசாவளை பஸ்ஸப் புடி."