முதல் ஷிப்ட் பஸ்ஸில் நீ இறங்கவில்லை

என் கோபக்கார அப்பாவுக்கு,

தை மாதம் நீ இறந்ததிலிருந்து உன்னோடு பேசவே கூடாது என்று இருந்தேன். இப்போது பேச வேண்டியதாகிவிட்டது. நம் வீட்டுக் கூரை பறந்துபோய்விட்டது அப்பா.

கார்த்திகையில் அடித்த புயல், நீ போட்ட ஷீட்டில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய் மண்ணூர் ஏரிக்கரையில் போட்டது. மீதி, சின்னக் காற்றுக்கும் படபடவென்று அடிக்கிறது. நீலத் தார்ப்பாயைக் கட்டி அதன் கீழேதான் இருக்கிறோம். உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பாலிதீன் பையில் சுற்றி, பீரோவில் வைத்திருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. வீட்டு லோன் வாங்கும்போது பேங்கில் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே எடுத்தாயே, அதுதான். போன் போட்டேன். சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருவார், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றாள் ஒரு பெண். வானம் இருட்டிக்கொண்டு வரும்போது கூரையைத் தொடாமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு தனம் அக்கா வந்து அம்மாவின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போனாள். "பாலிசி யார் பேர்ல கீதோ அவுங்களே இல்லன்னா ஒரு பைசா தரமாட்டானுங்க கஸ்தூரி. வாயத் தொறக்காத." அப்படியெல்லாம் இருக்காது என்று நான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

சர்வேயர் வருகிற அன்று லீவு போட்டிருந்தேன். காலையில் அம்மா கண்ணாடி முன்னால் நின்று, என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். தையிலிருந்து வெறுமையாகக் கிடந்த நெற்றி. நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

மத்தியானம் வந்த அந்த ஆள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஏணியில் ஏறினார். போட்டோ எடுத்தார். துருப்பிடித்த போல்ட் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது காத்துல போன மாதிரி தெரியலயே மேடம். ஷீட்டே பழசு. மெயின்டனன்ஸ் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் ஆடிக்காற்று தொடங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை விட்டுவிட்டு நீ மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கியதை இவர் எங்கே கண்டார்? "புயலுக்கு முன்னாடி ஒரு சொட்டு ஒழுகினது இல்ல சார்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். "பாலிசி சார் பேர்ல இருக்கு. சாரைக் கூப்பிடுங்க, கையெழுத்து வேணும்."

"அவரு ட்யூட்டிக்குப் போயிக்கிறாரு" என்றாள் அம்மா. "ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு."

சர்வேயர் மணி பார்த்தார். "அப்ப வர்ற நேரம்தானே? வெயிட் பண்றேன். இதுக்காக இன்னொரு வாட்டி இவ்ளோ தூரம் வர முடியாது." பிளாஸ்டிக் நாற்காலியைத் தார்ப்பாய்க்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உனக்காகத்தான் அப்பா.

சமையலறையில் அம்மாவின் கையைப் பிடித்தேன். "இன்னாம்மா பண்ணி வச்சிக்கிற? இப்ப யாரைக் கொண்டாந்து நிறுத்துவ?"

"போயிடுவாருன்னு நெனச்சேன்டி. ஒக்காருவாருன்னு யாரு கண்டா?" டீ பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதை அணைக்கவில்லை.

அப்போது தெருமுனையில் உன் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அம்மா தன்னால் வாசலுக்குப் போனாள். இத்தனை வருஷப் பழக்கம். சர்வேயரும் பேனாவோடு அவள் பின்னால் போய் நின்றார். நாலைந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக, உன்னோடு ஒரே லைனில் வேலை பார்த்த மூர்த்தி சித்தப்பா. நீ போனதிலிருந்து அவர் இறங்கியதும் நம் வீட்டைப் பார்த்துக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். அன்றும் நின்றார்.

"இவர்தானே மேடம்?" என்றார் சர்வேயர்.

தலையாட்டினால் போதும். மூர்த்தி சித்தப்பா நமக்காக எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். ஆட்டிவிடு அம்மா, ஆட்டிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"ஐயோ, இல்ல சார்!" அம்மா பதறிப் பின்னால் நகர்ந்தாள். "இவரு இல்ல. எங்க வூட்டுக்காரரு இவரு இல்ல சார்." பஸ் கதவு மூடிக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு தையிலயே செத்துப்பூட்டாரு."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. நீ உயிரோடு இருப்பதாகச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இருந்தது. உன் இடத்தில் இன்னொருவரைக் காட்ட மட்டும் முடியவில்லை.

சர்வேயர் கத்தினார். "பொய் சொன்னீங்கன்னு நான் எழுதினா மொத்த கிளெய்மும் போயிடும், தெரியுமா?" அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூர்த்தி சித்தப்பா ஓடிவந்து பக்கத்தில் நின்றார். அதைப் பார்த்தோ என்னவோ, சர்வேயரின் குரல் இறங்கியது. "ஆள் இறந்துட்டா வாரிசு கையெழுத்துப் போடலாமேம்மா. இதுக்குப் போயா?"

அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டுமாம். அது நம்மிடம் இல்லை. மனு எழுத உட்காரும்போதெல்லாம் நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன்.

பழைய ஷீட் என்று எழுதுவாரா, பொய் என்று எழுதுவாரா, இரண்டையும் எழுதுவாரா? சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மா பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். நான் அதைப் பிய்த்து மறுபடி அவள் நெற்றியில் வைத்தேன். "அந்தாளுக்காக இல்லம்மா. ஒனக்கு." அவள் அதை எடுக்கவில்லை.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் கூரையைப் போட்டுவிடுவேன். போட்டதும் உன் படத்தை வாசலுக்கு நேரே மாட்டுவேன். இனி யாரும் உனக்காக இங்கே காத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். மனுவில் உன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுத வேண்டும். அம்மாவே சொல்லிவிட்டாள். நானும் எழுதிவிடுகிறேன், அப்பா.

உன் வாரிசாகக் கையெழுத்துப் போடப்போகும்
உன் மகள்,
செல்வி