நான் நசுக்கிய ஸ்லைடு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சௌக்கியம்தானே. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் மாடிப்படி ஏறும்போது ஊருக்கே கேட்கும்படி முனகுகிறார். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல சேதி இவ்வளவுதான், மீதியை உட்கார்ந்துகொண்டு படி.

ஆறு மாதத்துக்கு முன்னால் குளிக்கும்போது என் வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. ஊரார் கட்டியிலிருந்து ஊசியில் எடுத்ததையெல்லாம் கண்ணாடி ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள் நான், அதனால் வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளே எங்கள் லேபிலேயே போய்ப் படுத்தேன். டாக்டர் மெல்லிய ஊசியைச் செருகி நாலைந்து முறை முன்னும் பின்னும் அசைத்து எடுத்தார், வந்தது ஒரு சொட்டுக்கும் குறைவுதான். அதைத் தடவ வேண்டியவள் என் கூட வேலை பார்க்கும் அவசரக்குடுக்கை. நான் வைத்த பெயர்தான், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. என் சதையை இவள் கையில் கொடுப்பதா என்று எனக்கு வீம்பு. அக்கா, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன் என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, எழுந்து ஸ்லைடைப் பிடுங்கி நானே தடவினேன். பூ மாதிரி இழுக்கணும், அழுத்தக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். என் கை நடுங்கியது, அது தெரியக் கூடாதென்று அழுத்திவிட்டேன்.

செல்லெல்லாம் நசுங்கிவிட்டது, ஒன்றும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட் வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு என் ஸ்லைடைக் காட்டித்தான் இப்படிப் போடணும் என்பார் பெரிய டாக்டர். என்னம்மா, இது உங்க கையா என்று அவர் கேட்டதும் எனக்கு மானமே போயிற்று. அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த அடுத்த வாரம் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. வெட்கம் பாதி, பயம் பாதி. ஒன்றும் சொல்ல முடியாது என்று இருக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம் பார்.

அக்குளில் இன்னொன்று தட்டுப்பட்ட அன்றுதான் போனேன். இரண்டு கையையும் முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவசரக்குடுக்கை அவசரப்படாமல் தடவினாள். அப்படி ஒரு ஸ்லைடை நான் என் ஆயுசில் போட்டதில்லை. பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் பார்த்தேன், யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்னாடியே வந்திருந்தா என்று கேட்டேன், அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அப்புறம் கொஞ்ச நாள் வலது கையைத் தூக்க முடியாது என்கிறார்கள், அதனால் இப்போதே எழுதுகிறேன். திடீரென்று வந்துவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி அழுகிறார், அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. உனக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டும். போன மாதம் போனில் உனக்கும் மார்பில் ஏதோ கெட்டியாக இருக்கிறது, பால் கட்டியிருக்கும் என்றாய். நானும் ஆமாம், அதுதான் என்றேன். இந்த வேலை பார்க்கிறவள், எனக்கே ஒரு கட்டி இருப்பதை ஒளித்துவைத்திருந்த நேரத்தில், உன்னிடம் அப்படிச் சொன்னேன். என் ஐந்து மாதம் போனது போகட்டும், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாலாகவே இருக்கலாம், ஆனால் அதை நீயும் நானும் சொல்லக் கூடாது, ஊசிதான் சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே போ. யார் எடுத்தாலும் சரி, பேசாமல் படுத்துக்கொள். திரும்ப வா என்றால் மறுநாளே போய் நில்.

நீயும் பிள்ளையும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வியாழக்கிழமை நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டுப் போன் செய்யாதே. ஊசியில் எடுத்தாயிற்று என்று சொல்லப் போன் செய்.

உன் அம்மா