சனிக்கிழமை காலை யாருடையது

வியாழன், இரவு

நித்திரை வரவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் முகாமையாளர் கூப்பிட்டார். இனிமேல் சனிக்கிழமைகளிலும் கந்தோருக்கு வந்தால் தலைமை எழுதுவினைஞர் பதவி எனக்குத்தான் என்றார்.

"ஏலாது சேர்," என்றேன்.

"ஏன் மிஸ், அம்மாக்கு இன்னும் சுகமில்லையா?"

சனிக்கிழமை வேலைக்குக் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு வருடமாக நான் சொல்லிவந்த பொய் அது. அம்மா ஊரில், பெரியகல்லாற்றில், நல்ல சுகமாக இருக்கிறா. இன்றும் தலையாட்டியிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் அவவை இன்னொரு தடவை நோயாளியாக்க மனம் வரவில்லை.

"அம்மா சுகமா இரிக்கா சேர். சனிக்கிழமையில நான் நாவல் எழுதுறன்."

இதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அத ராவையில எழுதலாமே?"

"ராவையில சமையல், பிள்ளையளுக்குப் பாடம். சனிக்கிழமை காலம மட்டும்தான் எனக்கு."

"அப்ப பதவிய வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும்."

"குடுங்க சேர்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "எத்தின பக்கம் முடிஞ்சிது?" என்று கேட்டார்.

"நாப்பது."

"அப்ப அத முடி."

பதவி போனது வலிக்கத்தான் செய்கிறது. அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பதைத் தினமும் பார்க்க வேண்டும். பார்ப்பேன். வேலையையும் ஒழுங்காகச் செய்வேன், நாலரை மணிவரைக்கும்.

என் நாவலில் வரும் மீன்காரி மூன்று சனிக்கிழமையாகத் தோணியிலேயே நிற்கிறாள். நாளை மறுநாள் விடிந்ததும் அவளைக் கரையில் இறக்கிவிடுவேன்.