கருவாட்டுத் தண்ணீர்

காலடிப்பேட்டை,
புதன்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள எல்சிக்கு,

உன் லியோனார்ட் எழுதுவது. எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன், சிலிண்டரும் வந்துவிட்டது. நீயும் சாண்ட்ராவும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நல்ல செய்தி இத்தோடு முடிந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய் மீதியைப் படி.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். குழந்தை சிணுங்குவது முதல் மாப்பிள்ளை காபி உறிஞ்சுவது வரை எனக்குக் கேட்கிறது. அப்படியானால் நான் சொல்வதும் அங்கே எல்லாருக்கும் கேட்கும். இது எல்லாரும் கேட்கக்கூடியது இல்லை. எதிர்வீட்டு பென்னி லீவு முடிந்து நாளைக் காலை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தால் நாளை இரவுக்குள் உனக்கு வந்துவிடும்.

முதலில் செடி. எல்சி, உன் மொட்டை மாடித் தோட்டம் இப்போது இல்லை. மல்லி, ரோஜா, கறிவேப்பிலை, பழைய மீன் ஐஸ் பெட்டியில் மண் நிரப்பி நீ போட்ட மிளகாய், தக்காளி எல்லாம் போய்விட்டன. வாரா வாரம் உனக்கு அனுப்பிய போட்டோக்கள் நீ கிளம்பிய புதிதில் எடுத்தவை. ஒரே நாளில் எடுத்ததை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தேன். மாதா வணக்க மாதத்துக்கு நம் வீட்டுப் பூ என்று கோயில் கெபியில் மாதா காலடிக்குக் கொடுப்பதும் மார்க்கெட்டில் வாங்கிய பூதான். போன வாரம் சிஸ்டர் அதை மோந்து பார்த்துவிட்டு, எல்சி வீட்டு மல்லிக்கே தனி வாசம் என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மாதாவுக்கு முன்னால் நின்றுகொண்டே ஆட்டினேன்.

இந்த வருஷ வெயிலைப் பற்றி உனக்குத் தெரியாது. ஏப்ரல் பாதியிலேயே போரில் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டாரைப் போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர்தான், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் தெருவே சண்டைக்கு வரும். அப்போதுதான் நீ ஏர்போர்ட்டில் சொன்னது ஞாபகம் வந்தது. "ன்னாங்க, மீன் கழுவுன தண்ணியக் கொட்டிடாதீங்க, செடிக்கு ஊத்துங்க" என்றாயே, அதுதான்.

நீ சொன்னபடியே செய்தேன். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. போட்டெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது. நல்ல மீன் இல்லை, இருக்கிற மீனைக் கேட்கவே பயமாக இருக்கிறது. எனக்கோ கவுச்சி இல்லாமல் சோறு இறங்காது. தினமும் கருவாடுதான். வாளை, நெத்திலி, சுறா எதுவானாலும் காலையில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு செடி வாளியாக ஊற்றினேன். பொண்டாட்டி பேச்சைத் தட்டாத புருஷன் என்ற பெருமை வேறு.

சிரிக்காதே எல்சி. இதுவரைக்கும் சிரிக்கலாம், இனிமேல் சிரிப்பு இல்லை.

இலை ஓரமெல்லாம் தீய்ந்து கருக ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு மொக்கு உதிர்ந்தது. வீட்டில் செய்வினை வைத்த மாதிரி எனக்கு ஆள் தேடும் புத்தி வந்தது. ஒரு நாள் காலையில் மாடிக்கு ஏறினேன். நம் மேல் போர்ஷன் ஷம்ஷாத் ஒரு வாளியைச் சாய்த்து மல்லிக்கு ஏதோ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். துணி அலசின தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர் என்று நானே முடிவுகட்டினேன். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்.

அன்றைக்கு லாரி நாள். தெரு முழுக்கக் குடத்தோடு நின்றது. ஷம்ஷாத் குழாய்க்கு அடியில் குடத்தைப் பிடித்திருந்தாள். அங்கேதான் கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "உங்க வூட்டு கலீஜ் தண்ணிய எங்க மாதாவுக்குப் போற பூவுல ஊத்திகினு கீறியா? உங்க ஆளுங்களுக்கு இன்னா தெரியும் அதோட அருமை?" என்றேன். உங்க ஆளுங்க என்றேன், எல்சி. சாண்ட்ரா கல்யாணத்தில் அடுப்படியை விட்டு நகராமல் நின்றவளைப் பார்த்து நான் அப்படிச் சொன்னேன். குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதை ஓரமாக வைத்து மூடினாள். இரண்டாவது குடத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் புருஷன் சௌக்கத் அலி மண்ணடிக் கடையிலிருந்து வந்து நேராக நம் வாசலில் நின்றான். கோபித்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், மெதுவாகத்தான் பேசினான். "மாமு, அது ஒளு செஞ்ச தண்ணி. தொழுவுறதுக்கு முன்னாடி மூஞ்சி கை கால் கழுவுறோமே, அது. சோப்பு கூடப் படாது. போரு நின்னுபோச்சேன்னு டப்புல புடிச்சு வெச்சு ஊத்திகினு இருந்தா. எல்சியக்கா பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போச்சாம்" என்றான். அப்போதாவது என் தலை குனிந்ததா? "சரி சரி, இனிமே ஊத்த வேணாம்னு சொல்லு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவள் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் செடிகள் மொத்தமாகச் செத்தன. அவள் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் ஏன் சாகின்றன என்ற கேள்விகூட எனக்கு உடனே வரவில்லை. போன வாரம் கருவாட்டுத் தண்ணீரைத் தூக்கிப் போகும்போது கைப்பிடிச் சுவரில் கொஞ்சம் சிந்திவிட்டது. மத்தியானம் கொடியில் போட்ட லுங்கியை எடுக்கப் போனால், சிந்தின இடம் வெள்ளையாகப் பூத்திருந்தது. செடி வாளிகளைப் பார்த்தேன். மண்ணின் மேல் அதே வெள்ளை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அவ்வளவு நாளும் உன் செடிக்கு நான் உப்பைத்தான் ஊற்றியிருக்கிறேன். அவள் ஊற்றிய நல்ல தண்ணீரில்தான் அது அதுவரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தண்ணீரையும் கலீஜ் என்று சொல்லி நிறுத்தினேன். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கடற்கரையில் இருக்கிறேன், ஹார்பரில் கிரேன் ஓட்டியவன், கருவாட்டில் உப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது அவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரமாக இடம் பார்த்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. என்னப்பா திடீரென்று என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி சௌக்கத் அலியைக் கேட்டேன். "கடைக்குக் கொஞ்சம் கிட்ட மாமு" என்றான். காரணம் அது இல்லை என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை மேலே ஏறினேன். ஒரு தடவை உள்ளே அவள் பேச்சுக் குரல் கேட்டு இறங்கிவிட்டேன். இன்னொரு தடவை கதவு திறந்தது. மோட்டார் சரியாகிவிட்டதா என்று பார்க்க வந்தேன் என்று உளறினேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். ஃபாதர் கேட்டுவிட்டு, கடவுள் மன்னிப்பார், அவரிடம் கேட்பது உங்களுக்குச் சுலபம், மேல் வீட்டில் கேட்டீர்களா என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இப்படியே இருந்திருப்பேன் எல்சி. நேற்று நீ போனில் ஒன்று சொன்னாய். ஷம்ஷாத்திடம் பேசினேன், அண்ணன் செடியெல்லாம் நல்லாப் பாத்துக்குறாருக்கா, நீ கவலைப்படாம பேரனப் பாருன்னு சொன்னா என்றாய். லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறவள், நான் பேசியதையும் சொல்லவில்லை, வீடு மாறுவதையும் சொல்லவில்லை, நீ அங்கே வருத்தப்படக் கூடாதென்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். ராத்திரி முழுக்கப் படுக்கை குத்தியது.

இனி நான் கேட்பதைக் கவனமாகப் படி. இந்தக் கடிதம் கிடைத்ததும் உனக்கு ஷம்ஷாத்துக்குப் போன் போடக் கை துடிக்கும். போடாதே. நீ ஒரு வார்த்தை சொன்னால் அவள் உனக்காக இருந்துவிடுவாள். சாமானைத் திரும்பப் பிரித்து அடுக்குவாள், தினமும் என்னைப் பார்த்து அண்ணே என்பாள். நான் சொன்ன வார்த்தை மட்டும் நம் மாடிப்படியில் அப்படியே கிடக்கும். அது எனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வருகிறது. கதவுக்குப் பின்னால் ரகசியமாகக் கேட்கிற மன்னிப்புக்கு நான் தகுதி இல்லை. எங்கே சொன்னேனோ அங்கே, அதே ஆட்கள் குடத்தோடு நிற்கும்போது, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் செடியைக் கொன்றது நான்தான், உன் தண்ணீர் சுத்தமான தண்ணீர், என் வாய்தான் கலீஜ் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு இருப்பதும் போவதும் அவர்கள் இஷ்டம். போனால் வண்டியில் சாமான் ஏற்ற நானும் தோள் கொடுப்பேன். நெஞ்சு தைரியம் எனக்குக் குறைவு, உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்காக மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லு.

சாண்ட்ராவுக்கு என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் என் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னாராம், கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை லாரி வந்து போகிறவரைக்கும் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன்,
லியோனார்ட்.